சொல்லாமல் விட்டவர் யாருமில்லை

பாலாற்றைப் பற்றி எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று என்று ஒருநாளும் சொல்ல முடியாது. வக்கீல் சொன்னார். பொருளாதாரப் பேராசிரியர் சொன்னார். தோல் ஷாப் முதலாளியே வாய்திறந்து சொன்னார். மண்ணையும் தண்ணீரையும் குப்பியில் பிடித்துப்போய்ச் சோதித்தவர் கணக்கோடு வந்து சொன்னார். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும், கல்லூரி அரங்கிலும் கல்யாண மண்டபத்திலும் அவர்களை அழைத்து மேடையில் உட்கார வைத்தோம். பொன்னாடை போர்த்தினோம். நன்றியுரை முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போனோம்.

அப்படி எழுந்து போனவர்களில் நானும் ஒருவன். மேடைக்கு வெளியிலும் இவர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன். பேச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்கு இதமாக இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டோம். விவசாயிகள் வக்கீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்கள். தொழில் செய்கிறவர்கள் ஏற்றுமதிக் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பளக்காரர்களும் கடைக்காரர்களும் வாத்தியார்களும் பத்திரிகையில் எழுதுகிறவர்களுமான மற்றவர்கள் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.

முதலில் சட்டம். எங்களுக்கு முதலில் கைக்குக் கிடைத்ததும் அதுதான். தோல் பட்டறைகளின் கழிவு பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திருக்காமல் தடுக்க வேண்டும், தன் தொழிலால் கேடில்லை என்று காட்டுவது தொழில் நடத்துகிறவரின் பொறுப்பு என்பவையெல்லாம் இந்த நாட்டின் சட்டத்திலேயே அடக்கம் என்றது அந்தத் தீர்ப்பு. தோல் ஏற்றுமதியால் நாட்டுக்கு டாலர் வருகிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்றுதான் சொன்னது. தோல் பட்டறைகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் 'வேலூர் வழக்கை'ப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. அந்த வேலூரில் எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தோமா? பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பையனிடம் உன் ஊர்ப் பெயரில் ஒரு தீர்ப்பு இருக்கிறது, அதில் உன் தாத்தாவின் கிணறு இருக்கிறது என்று நாங்கள் சொன்னதில்லை. நீட் வகுப்புக்குப் பணம் கட்டினோம்.

தீர்ப்பைத் தொடர்ந்து இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. அது ஊர் ஊராக ஆராய்ந்து 2001இல் முடிவைச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், பொறுப்பேற்க வேண்டிய தோல் பட்டறைகள் 547, மொத்த இழப்பீடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். தலைக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்க்கலாம். சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணறு, அதைச் சுற்றியிருந்த நஞ்சை, வரப்பில் நின்ற தென்னை, தொழுவத்தில் இருந்த மாடு, பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாவற்றுக்குமாக அவ்வளவுதான். அதுவும் நிலம் வைத்திருந்தவருக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டு வயிறு கழுவிய கூலிக்காரர் தன் இழப்பைக் காட்ட எந்தப் பட்டாவை எடுத்துக்கொண்டு போவார்?

இந்த வகுத்தலை எனக்குச் செய்து காட்டியவர் ஒரு வக்கீல். தீர்ப்பு வாங்குவது பாதி வேலை, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் போய் நிற்க ஊர் வேண்டும் என்பார். எங்கள் ஊர் போய் நிற்கவில்லை. நின்றவர்கள் கொஞ்சம் பேர். அவர்களைப் பார்த்தால் நாங்கள் சாலையின் மறுபக்கமாக நடந்தோம். கேஸ் போடுகிறவர்கள், வம்புக்காரர்கள், தொழிலைக் கெடுப்பவர்கள் என்று பேசினோம். அவர்கள் விடவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு நடத்திய வழக்கில்தான் 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்சநீதிமன்றம் மறுபடியும் பேசியது. இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு உடனே கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒரு குழு அமைத்துக் கெட்டதைச் சீர்செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் உத்தரவிட்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஓடியது 28 வருஷத்துக்கு மேல். அந்த 28 வருஷமும் நாங்கள் இதே ஊர்களில்தான் இருந்தோம்.

பொருளாதாரம் படித்தவர்கள் சொன்னது இன்னும் சங்கடமானது. தோல் தொழில் எங்களுக்குப் புதிதல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் எங்கள் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரர் காலத்திலேயே கப்பலேறிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் அரை குறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுதாக முடித்த தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் வந்தது. பட்டையில் நாள்கணக்கில் ஊறிய தோல் குரோமியத்தில் ஒரே நாளில் பதமானது. போடுகிற குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியே வந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் செலவானது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது செருப்பின் விலையில் எங்கும் எழுதப்படவில்லை. கிணறு கெட்டதன் செலவை விவசாயி ஏற்றார், நோயின் செலவைத் தொழிலாளி ஏற்றார். செருப்பு மலிவாக இருந்தது. அதை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் மட்டும் இல்லை. ஏற்றுமதியில் கழிந்த ஜோடிகள் ஆம்பூர் சாலையோரக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போனோமே, நாமும்தான்.

ஆனால் அந்தப் பொருளாதாரக்காரர்கள் அங்கே நிறுத்தவில்லை. விவசாயிகளையும் விட்டுவைக்கவில்லை. 1990இலிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கினோம். கிணறு வற்றியதும் கிணற்றுக்குள் போர் போட்டோம், அது வற்றியதும் பக்கத்தில் இன்னும் ஆழமாக இன்னொன்று. இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. பட்டறைகளின் சொந்தக் கிணறுகள் உப்பேறிப் போனபோது அவர்களுக்கு நல்ல தண்ணீர் தேவைப்பட்டது. அதை விற்றவர்கள் யார்? கெடாத கிணறு வைத்திருந்த எங்கள் ஆட்கள்தான். நெல் விளைவதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கண்டுகொண்டார்கள். டேங்கர் வந்து நிறைத்துக்கொண்டு போயிற்று, திரும்பி வந்தது பக்கத்து ஊர்க் கிணற்றுக்குக் கழிவாக. அப்போது அந்தப் பக்கத்து ஊர்க்காரர் எங்களுக்குப் பங்காளியாகத் தெரியவில்லை.

வக்கீல், பொருளாதாரக்காரர், முதலாளி, ஆய்வாளர் என்று முதலில் சொன்ன நால்வரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. 2002இன் தொடக்கத்தில் சென்னை அடையாறில் உள்ள மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் நிறுவனத்தில், பொருளாதார அறிஞர் எஸ். ஜனகராஜன் முன்னின்று, பாலாற்றுப் படுகையின் விவசாயிகளையும் தோல் தொழில் நடத்துபவர்களையும் வக்கீல்களையும் அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் தொண்டு நிறுவனத்தாரையும் ஒன்றாக அழைத்துப் பேச வைத்தார்கள். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள் அங்கே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிறகும் சில முறை கூடினார்கள். எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அந்தப் பேச்சை ஒரு சென்னை ஆய்வு நிறுவனம் தொடங்கி வைத்தது. அதை எடுத்து வந்து வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மாதாமாதம் நடத்தியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அழைக்க ஒரு சென்னைக்காரர் வர வேண்டியிருந்தது, அவர் அழைக்காத நாளில் நாங்கள் கூடவில்லை.

தொழில் நடத்துகிறவர்களோடு பேசியதைச் சொல்ல வேண்டும். அவர்களை ஒரே அச்சில் வார்த்த வில்லன்களாக நினைத்திருந்தோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது. பெரிய பட்டறை வைத்து ஷூவும் ஏற்றுமதி செய்கிறவர் வேறு. ஒரு டிரம் இரண்டு டிரம்மை வைத்துக்கொண்டு, அடுத்தவர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர் வேறு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததும், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற விதி வந்ததும் செலவைக் கூட்டின. எதிர்ச் சவ்வூடு பரவலில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்கிறார்கள். தண்ணீர் திரும்பப் பயன்படுகிறது. கடைசியில் உப்பு மிஞ்சுகிறது. பல ரசாயனம் கலந்த அந்த உப்பை யாரும் வாங்குவதில்லை. மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கி வைத்திருக்கிறார்கள். இந்த மூட்டைகளுக்கு வழி சொல்லுங்கள் என்று ஒரு முதலாளி கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரிடமே கேட்டோம். காட்டினார். ஆடு மாடு அறுத்த இடத்தில் தோல் அழுகாமலிருக்க உப்பு தடவுகிறார்கள். தோலின் எடையில் பத்துக்கு நாலு பங்கு உப்பு. அந்தத் தோல் மடித்த மடிப்போடு லாரியில் வருகிறது, விரித்தால் ரோமத்துக்கு நடுவே கல் உப்பு பொலபொலவென்று உதிர்கிறது. ஊறப்போடுவதற்கு முன்னால் அதை நன்றாக உதறி, அந்த உப்பைத் தனியாகக் கூட்டி எடுத்துவிட்டால் தண்ணீரில் கரைகிற உப்பு அந்த அளவுக்குக் குறையும். 1948இலிருந்து சென்னையில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பு உதறுவதைப் பற்றி எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறது. பெரிய இயந்திரம் வேண்டாம், ஆள் கூலி வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும். அவசரத்தில் உதறாமலே தொட்டியில் இறக்கிவிட்டார்கள். உதறினீர்களா என்று வாங்குகிற வெளிநாட்டுக்காரர் கேட்கத் தொடங்கியதற்கு அப்புறம்தான் பல இடங்களில் உதறத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களான நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால் போய் நிற்கும் இடம் கசப்பானது. தோல் ஷாப்புக்குள் எங்களில் பலர் கால் வைத்ததே இல்லை. அது நமக்கான இடம் இல்லை என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்கள் தலித்துகள், ஏழை முஸ்லிம்கள். ஊர்த் தெருவில் யார் எங்கே நடக்கலாம் என்று வகுத்து வைத்த அதே மனசுதான் அந்த நாற்றத்தையும் அந்தத் தண்ணீரையும் 'அவர்கள் சங்கதி' என்று ஒதுக்கியது. கழிவு ஓடிய ஓடை முதலில் யார் குடியிருப்பைத் தொட்டுப் போயிற்று என்று எங்களுக்குத் தெரியும். அது ஊர்க் கிணற்றை எட்டிய பிறகுதான் ஊருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும் பட்டறைக்காரரின் மதத்தைப் பேசியவர்கள் எங்களில் இருந்தார்கள், நாங்கள் தடுக்கவில்லை.

2015 ஜனவரி 31ஆம் தேதி விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக்குழம்பு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துப் பட்டறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தக் குழம்பு பாய்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூங்க வேறு இடம் இல்லாததால் வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள். கொஞ்ச நாள் பேசினோம். பிறகு அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெயர்கூட எங்களுக்கு நினைவில் இல்லை. ஊர்க்காரர் ஒருவர் அப்படிச் செத்திருந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது போஸ்டர் ஒட்டியிருப்போம்.

தண்ணீரையும் மண்ணையும் படித்தவர்கள் சொன்னதற்கு வருகிறேன். அவர்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அவர்கள் சொன்னதைத்தான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து அதிகமாக மறந்தோம்.

பாலாறு வருஷம் முழுக்க மேலே ஓடுகிற ஆறு இல்லை. மழைக்கு ஓடும், பிறகு தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். ஆறு மணலுக்கு அடியில் இருந்தது. எங்கள் முன்னோர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டினார்கள். மணலை ஒரு சரிவில் தோண்டிக்கொண்டே போனால் கசிந்து சேருகிற தண்ணீர் தானாக ஓடி ஊர் வயலுக்குப் போய்ச் சேரும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. வருஷா வருஷம் வெள்ளம் வந்து தூர்த்துவிடும், ஊர் கூடி மறுபடி தூர் எடுக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், வராதவர் வீடு தண்டம் கட்ட வேண்டும். பாலாற்றுப் படுகையில் இப்படி நூற்றுக்கணக்கில் ஊற்றுக்கால்கள் இருந்தன. கிணறும் மோட்டாரும் வந்ததும் தூர் எடுக்க ஆள் வரவில்லை. 'நம்ம கிணறு இருக்கே' என்று ஒவ்வொருவராக நின்றோம். கூடிச் செய்த வேலை போயிற்று. கண்காணிக்கிற கண்ணும் அதோடு போயிற்று. ஆற்றில் தினமும் நாலு பேர் இறங்கியிருந்தால் முதல் நாள் வந்த நிறம் மாறிய தண்ணீரையும் முதல் நாள் வந்த மணல் லாரியையும் யாராவது பார்த்திருப்பார்கள்.

மணலைப் பற்றிச் சொல்லும்போது அந்தத் தண்ணீர் ஆய்வாளருக்குக் குரல் உயரும். மணல்தான் இந்த ஆற்றின் அணை, அதை லாரி லாரியாக விற்றுவிட்டு மேலே அணை கட்டித் தண்ணீரை நிறுத்துகிறார்கள் என்று பேசுகிறீர்களே என்பார். எங்கள் கூட்டங்களில் கைதட்டல் பலமாக விழுவது கர்நாடகத்தின் பேத்தமங்கலம் ஏரியையும் ஆந்திரத் தடுப்பணைகளையும் சொல்லும்போதுதான். 1892ஆம் ஆண்டுச் சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் பாலாறு இருக்கிறது, எங்கள் குறையில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நந்தி மலையில் பிறந்து வாயலூரில் கடலில் கலக்கிற 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த நீளத்தில் மணலை அள்ளியது கர்நாடகக்காரர் இல்லை. வேலூரிலும் காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் நாம் கட்டிய மாடிகளில் அந்த மணல் இருக்கிறது. மேஸ்திரி 'பாலாத்து மணல்' என்றால் கூடக் கொஞ்சம் கொடுத்து வாங்கினோம். நடு இரவில் ஊருக்குள் லாரி போன சத்தத்தில் விழித்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தோம்.

சாக்கடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரையோர நகரங்களின் சாக்கடையும் குப்பையும் இறைச்சிக் கழிவும் ஆற்றில்தான் போகின்றன. கரையில் நின்று பார்த்தால் தோல் கழிவு எது, எங்கள் வீட்டுக் கழிவு எது என்று பிரிக்க முடியாது. குரோமியத்துக்கு முதலாளி பொறுப்பு என்றால் மீதிக்கு யார் பொறுப்பு என்று பட்டறைக்காரர் ஒருவர் கேட்டபோது, அவர் தன் தப்பை மறைக்கப் பேசுகிறார் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தோம். மறைக்கத்தான் பேசினார். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தது. பாலத்துக்குப் பாலம் கூட்டம், பூத்தூவல், செல்ஃபி. பெரியவர்கள் அழுதே விட்டார்கள். வாலாஜா அருகே 1858இல் கட்டிய அணைக்கட்டைத் தாண்டி வெள்ளம் போவதைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து பிரிகிற கால்வாய்கள் காவேரிப்பாக்கத்தையும் மகேந்திரவாடியையும் போன்ற பழைய பெரிய ஏரிகளுக்குப் போகின்றன. அந்தக் கால்வாய்களில் எத்தனை வீடு, எத்தனை கல்யாண மண்டபம், எத்தனை பிளாட் என்று அந்த வெள்ளம் காட்டிக்கொடுத்தது. தண்ணீர் வந்த நாளில் ஆற்றைக் கும்பிட்டவர்களில் கால்வாயை வளைத்தவர்களும் இருந்தார்கள். ஆண்டு முடிந்ததும் ஆறு பழையபடி யாருக்கும் சொந்தமில்லாததாகிவிட்டது.

இன்று வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் காவிரித் தண்ணீர் குடிக்கின்றன. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம். அது வந்ததில் தவறில்லை, தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். அது வந்த பிறகு நாங்கள் பாலாற்றைத் தலைமுழுகிவிட்டோம் என்பதுதான் வருத்தம். பல காத தூரத்திலிருந்து தண்ணீர் வந்துவிட்டதால் காலடியில் இருக்கிற கிணற்றை மூடிக் குப்பை கொட்டலாம் என்று ஆகிவிட்டது. குழாய் வராத குக்கிராமத்தில் அதே கிணற்றுத் தண்ணீரை மாடும் மனிதரும் இன்னும் குடிக்கிறார்கள்.

நாலு பேரும் சொன்னதைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மாசுபடுத்தியவரிடம் வசூலிக்கலாம் என்று சட்டம் 1996இலேயே சொல்லிவிட்டது. செலவு யார் தலையில் விழுகிறது என்று பொருளாதாரம் காட்டிவிட்டது. உப்பை உதறி எடுக்க முடியும், தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த முடியும் என்று தொழிலே செய்து காட்டிவிட்டது. மணல் தங்கினால் தண்ணீர் தங்கும், புதுக் கழிவு சேராமல் இருந்து நல்ல மழை இறங்கினால் கிணற்றில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று தண்ணீரைப் படித்தவர் சொல்கிறார். குரோமியம் மண்டிய இடங்கள் அப்படித் தானாகத் தேறாது, அவற்றைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்தாக வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் வளாகத்தில் குவிந்து கிடப்பது அந்த வகைக் கழிவு. உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் ராணிப்பேட்டையைச் சேர்த்தபோது எங்களுக்கு அவமானமாக இருந்தது. பட்டியல் போட்டவர்கள் மேல் கோபப்பட்டோம். அந்தக் கழிவுக்குப் பக்கத்திலிருந்த கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்ப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களில் பெரும்பாலோருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரின் எண் தெரியாது. நாக்கில் வைத்து 'கரிக்குது' என்பதோடு சரி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இதைச் சோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். நாலைந்து வீடு சேர்ந்து பங்கு போட்டால் பெரிய தொகை ஆகாது. வருஷத்துக்கு இரண்டு தடவை, கோடையில் ஒன்று மழைக்குப் பின் ஒன்று என்று எடுத்து, தேதி போட்டுக் கிணற்றுச் சுவரிலேயே பெயின்டில் எழுதி வைக்கலாம். பத்து வருஷம் எழுதி வைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி எந்த நீதிமன்றத்துக்கும் வேண்டாம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் அன்று கிராமசபை கூடுகிறது. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், வாலாஜா, ராணிப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தத் தேதிக்கு முன்னால் ஊருக்கு ஒரு கிணற்றையாவது சோதித்துவிடுங்கள். தாளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்துத் தோல் ஷாப்காரரையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் நேரில் போய்க் கூப்பிடுங்கள், அவர்களும் அதே தண்ணீர்க்காரர்கள்தான். ஊரில் ஒரு வக்கீலோ வாத்தியாரோ இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். எண்ணை உரக்கப் படித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றி முடிக்கும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.